அனுராதபுரத்தில் ‘ஏலியன் வாசல்’ இருக்கிறதா? பாறை வட்டத்துக்கு மணிமேகலையில் ஒரு துப்பு

நீலகிரியின் பந்தலூர் பக்கம் சேரங்கோடு. தேயிலையும் மழையும் அட்டையும் உள்ள ஊர். டான்டீ லைன் வீட்டுத் திண்ணையில் ஒரு பேரன் போனை நீட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். “அப்பாயி, இங்க பாரு... உங்க ஊர்ல ஏலியன் வந்து போறதுக்கு வாசல் இருக்காம்.”

ரீலில் ஒரு பாறை. பாறையில் ஒரு வட்டம். பின்னணியில் திகில் இசை. ‘இலங்கையின் நட்சத்திர வாசல், விஞ்ஞானிகள் மறைக்கும் ரகசியம்’ என்று எழுத்து ஓடுகிறது. அப்பாயி கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். “அனுராதபுரமா? அந்த வழியாத்தானே கோச்சி வந்துச்சு...”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் அப்பாயி சொல்லும் வழி நிஜம். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. ஹட்டன், பதுளை, நுவரெலியா தோட்டங்களிலிருந்து பெட்டி படுக்கையோடு கிளம்பியவர்களை ரயில் தலைமன்னாருக்குக் கொண்டுபோனது. வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் அந்த ரயிலுக்கே ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பேர். அது அனுராதபுரத்தைத் தாண்டித்தான் தலைமன்னார் போகும். பிறகு கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அங்கிருந்து பல குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது, தாயகம் திரும்பியோருக்காகவே 1968-ல் அரசுத் திட்டமாகத் தொடங்கி பின்னர் டான்டீ ஆன தேயிலைத் தோட்டங்களில். சேரங்கோடு அதில் ஒன்று.

அந்த ரயில் கடந்துபோன ஊரில், ஸ்டேஷனிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் ரீலில் வரும் அந்தப் பாறை இருக்கிறது.

பாறையில் என்னதான் இருக்கு?

அனுராதபுரத்தில் திஸ்ஸ வாவி என்ற பழைய ஏரி. அதன் கரையை ஒட்டி, இசுருமுனிய விகாரைக்குப் பக்கத்தில் ‘ரன்மசு உயன’ என்ற அரச பூங்கா. ‘பொன்மீன் பூங்கா’ என்று சொல்லலாம். சுமார் 40 ஏக்கர். பாறையைக் குடைந்த குளங்கள், குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால்கள், யானைச் சிற்பங்கள் எல்லாம் உண்டு. துட்டகைமுனுவின் மகன் சாலிய இளவரசனும் அசோகமாலாவும் சந்தித்த இடம் என்று உள்ளூர்க் காதல் கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே ஒரு தாழ்ந்த பாறை முகத்தில், கிட்டத்தட்ட 1.8 மீட்டர் விட்டத்தில் அந்த வட்டம். வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், கட்டங்கள், கட்டங்களுக்குள் குறுக்குக் கோடிட்ட சிறு வட்டங்கள். குடை மாதிரி, பட்டம் மாதிரி, அலை மாதிரி சில உருவங்கள். வெளி வளையத்தில் மீன், ஆமை, கடற்குதிரை. இதைப் பார்த்தபடி எதிர்ப் பாறையில் நான்கு இருக்கைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சிங்களத்தில் இதன் பெயர் ‘சக்வல சக்கரய’. அதாவது பிரபஞ்சச் சக்கரம்.

இது எதற்கு என்று விளக்கும் கல்வெட்டு பக்கத்தில் கிடையாது. காலமும் உறுதியாகத் தெரியவில்லை. சுற்றிலும் காலியிடம் இருந்தால் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் இல்லையா? அப்படித்தான் ஏலியன்களும் வந்து உட்கார்ந்தார்கள். எகிப்தின் அபு குராப், பெருவின் ஹாயு மார்க்கா பாறை வாசல் ஆகியவற்றோடு இதையும் சேர்த்து, மூன்றும் ‘ஸ்டார்கேட்’ என்று இணையத்தில் ஒரு கதை உருவானது. வளையங்களும் கட்டங்களும் வாசலைத் திறக்கும் ‘கோடு’, நான்கு இருக்கைகள் பயணிகளுக்கு. அவ்வளவுதான் வாதம். மீனும் ஆமையும் அங்கே என்ன செய்கின்றன என்று கேட்டால் ரீல் முடிந்துவிடுகிறது.

ராஜ் சோமதேவ உள்ளிட்ட இலங்கைத் தொல்லியல் அறிஞர்கள் இந்தக் கதையை ஏற்கவில்லை. 1890 முதல் 1912 வரை இலங்கைத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த எச்.சி.பி. பெல் இந்த வட்டத்தை வெகு காலத்துக்கு முன்பே பதிவு செய்தவர். அவர் இதை ஒரு பழங்கால ‘உலக வரைபடம்’ என்று பார்த்தார். பௌத்தர்கள் உலகம் எப்படி இருக்கிறது என்று நம்பினார்களோ, அதன் படம். எல்லா அறிஞர்களும் பெல்லை அப்படியே ஏற்கிறார்கள் என்று சொல்ல முடியாது. தாமரை, அன்னம், கொடி என்று பௌத்தச் சிற்பங்களில் வழக்கமாக வருபவை இதில் இல்லை என்பது ஒரு நெருடல். ஆனாலும் பெயரிலேயே ஒரு துப்பு இருக்கிறது. ‘சக்வல’ வேறு ஒன்றுமில்லை, நம்ம ‘சக்கரவாளம்’தான்.

மேருவும் ஏழு மலைகளும்

பௌத்த நூல்கள் சொல்லும் ஒரு சக்கரவாளம் இப்படி இருக்கும்: நடுவில் மேரு மலை. உயரம் 84,000 யோசனை, கடலுக்குள் ஆழமும் அதே அளவு. அதைச் சுற்றி வளையம் வளையமாக ஏழு மலைத்தொடர்கள், நடுநடுவே கடல்கள். வெளிக்கடலில் நான்கு திசைக்கு நான்கு பெருந்தீவுகள், அவற்றைச் சேர்ந்த 2,000 சிறுதீவுகள். தெற்கே இருப்பது நாவலந்தீவு, நாம் இருக்கும் இடம். எல்லாவற்றையும் சுற்றி, தட்டின் விளிம்பு மாதிரி ஒரு மலைச்சுவர்.

வளையங்கள், நடுவில் ஒரு மையம், விளிம்பில் கடல்வாழ் உயிர்கள். பாறையை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள்.

இந்த அளவுகளை விரிவாக எழுதிவைத்த நூல்களில் ஒன்று விசுத்திமக்கம். 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் அதை எழுதிய இடம் எது தெரியுமா? அனுராதபுரத்தின் மகாவிகாரை. ரன்மசு உயன இருக்கும் அதே ஊர். இந்தப் புத்தகோசர் தாம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததையும் தன் உரைநூல் ஒன்றின் முடிவில் குறித்திருக்கிறார். அந்தக் காலத்தில் காஞ்சியும் அனுராதபுரமும் பக்கத்து வீடுகள் மாதிரிதான்.

தேவர்கள் ஏலியன்களா?

பாறையை விடுங்கள். பெரிய கேள்வி இதுதான். பௌத்தம் 31 உலகங்களைச் சொல்கிறது. கீழே நரகம் முதலிய நான்கு, மனித உலகம் ஒன்று, அதற்கு மேல் தேவ உலகங்கள் ஆறு, உருவமுள்ள பிரம்ம உலகங்கள் 16, உருவமற்றவை நான்கு. அந்த வானவாசிகள் உண்மையில் வேற்றுக்கிரகவாசிகள்தான், பழங்கால மக்களுக்குச் சொல்லத் தெரியாமல் ‘தேவர்’ என்றார்கள் என்பது ஏலியன் வாதம். எரிக் ஃபான் டேனிக்கன் 1968-ல் எழுதிய ‘தேவர்களின் ரதங்கள்’ உலகம் முழுக்க விற்றதிலிருந்து, எந்த மதத்தின் எந்தக் கதைக்கும் இந்தச் சாவியைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

நியாயமாகச் சொன்னால், பௌத்த நூல்களில் இதற்கு இடம் கொடுக்கும் பகுதிகள் உண்டு. ஆயிரம் நிலவு, ஆயிரம் சூரியன், ஆயிரம் மேரு, ஆயிரம் நாவலந்தீவு கொண்ட உலகத் தொகுதி ஒன்றை அங்குத்தர நிகாயம் பேசுகிறது. அதையும் ஆயிரத்தால் பெருக்கி, மறுபடி பெருக்கிக்கொண்டே போகிறது. பூமி மட்டும்தான் உலகம் என்ற எண்ணம் அந்த மரபில் இல்லை.

நேரக் கணக்கும் அப்படித்தான். நால்வகை அரச தேவர்களின் உலகில் ஒரு நாள் என்பது நமக்கு 50 வருடம். இங்கே ஒருவர் கொழுந்து பறிக்கத் தொடங்கி ஓய்வு பெறுவதற்குள் அங்கே ஒரு பகலும் ஒரு இரவும்தான் போயிருக்கும். அந்தக் கணக்கில் 500 ஆண்டு அவர்கள் ஆயுள், அதாவது நம் கணக்கில் 90 லட்சம் வருடம். அடுத்த உலகமான முப்பத்துமூவர் உலகில் 3 கோடியே 60 லட்சம். ‘இன்டர்ஸ்டெல்லார்’ பார்த்தவர்களுக்கு உடனே பொறி தட்டும்.

அப்புறம் விமானம். பாலி மொழியில் ‘விமானவத்து’ என்றே ஒரு நூல் இருக்கிறது. 85 வானுலக மாளிகைகளின் கதைகள். முதல் கதையில் ஒரு தேவமகள் பொன் இருக்கையில் அமர்ந்து, நினைத்த இடத்துக்கு மனவேகத்தில் போகிறாள். இதைவிட வேறென்ன வேணும்?

இங்கேதான் தமிழ் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. நமக்கு விமானம் என்றால் ஏரோப்ளேன். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைக்கு மேல் நிற்பதும் விமானம்தான், அது எங்கேயும் பறப்பதில்லை. மாளிகை, கோயில் கோபுரம், தேவரின் ஊர்தி என்று பல பொருள் கொண்ட பழைய சொல்லை எடுத்து, 20-ஆம் நூற்றாண்டில் நாம் இயந்திரத்துக்குச் சூட்டினோம். பிறகு பழைய நூலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, அட, அப்பவே இயந்திரம் இருந்திருக்கே என்று வியக்கிறோம். புறநானூற்றின் 27-ஆம் பாடலில் வரும் ஓட்டுநர் இல்லாத வானவூர்தியை ‘அன்றே ட்ரோன்’ என்று ஃபார்வேர்டு செய்வதும் இதே கதைதான். அந்தப் பாட்டில் அது, செய்ய வேண்டியதைச் செய்து முடித்துப் புகழ் பெற்றவர்கள் போய்ச் சேரும் ஊர்தி.

விமானவத்துவிலும் அதே. எந்தக் கதையும் அந்த வாகனம் எப்படி ஓடுகிறது என்று விளக்குவதில்லை. “என்ன புண்ணியம் செய்து இது கிடைத்தது?” என்பதே கேள்வி. பொன் இருக்கையில் பறக்கும் அந்தப் பெண், முன்பிறவியில் வீட்டுக்கு வந்த துறவிக்கு உட்கார ஓர் ஆசனம் கொடுத்தவள். இன்னொரு கதையில் ராஜகிருகத்தில் கதியற்ற ஓர் ஏழைப்பெண். யாரோ கொடுத்த சோற்றுக்கஞ்சிதான் அவளிடம் இருந்தது. அதைக் காசியப்பருக்குக் கொடுத்துவிட்டு இறந்தவள் உயர்ந்த தேவ உலகம் ஒன்றில் பிறக்கிறாள். ஏலியன் விளக்கத்தில் முதலில் காணாமல் போவது இந்தக் கஞ்சி கொடுத்த பெண்தான்.

ஒளி உடம்போடு வந்தவர்கள்

ஏலியன் ஆர்வலர்கள் அதிகம் காட்டும் ஆதாரம் அக்கஞ்ஞ சுத்தம். உலகம் மறுபடி தோன்றும் காலத்தில், ஆபஸ்ஸரம் என்ற பிரம்ம உலகத்திலிருந்து உயிர்கள் இங்கே வருகின்றன. தாமே ஒளிரும் உடம்பு, மகிழ்ச்சியே உணவு, வானத்தில் சஞ்சாரம். வந்தவர்கள் தரையில் படர்ந்திருந்த சுவையான ஒன்றை விரலால் தொட்டு நக்கிப் பார்க்கிறார்கள். ஆசை பிடிக்கிறது. உடம்பு தடிக்கிறது, ஒளி போகிறது. ‘விண்ணிலிருந்து வந்தவர்களே நம் மூதாதையர், புத்தரே சொல்லிவிட்டார்’ என்று வீடியோ இங்கே நின்றுவிடும்.

சுத்தம் அங்கே நிற்பதில்லை. அடுத்து நெல் வருகிறது. அன்றன்றைக்கு அறுத்துக்கொண்டிருந்தவர்கள் சோம்பல்பட்டு நாலு நாளைக்குச் சேர்த்து வைக்கிறார்கள். வயலுக்கு வரப்பு போடுகிறார்கள். ஒருவன் அடுத்தவன் பங்கைத் திருடுகிறான். பொய், அடி, தண்டனை. கடைசியில் எல்லோரும் கூடி ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, அவருக்கு நெல்லில் ஒரு பங்கு தருகிறார்கள்.

இதைப் புத்தர் சொல்வது வாசெட்டர், பாரத்வாஜர் என்ற இருவரிடம். பிராமணக் குடும்பங்களிலிருந்து சங்கத்துக்கு வந்தவர்கள், அதற்காகச் சொந்தச் சாதியாரிடம் வசவு வாங்கியவர்கள். பிரம்மாவின் வாயில் பிறந்தோம் என்று சொல்வோருக்குப் பதிலாக வருவது இந்தக் கதை. எல்லோரும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள், பிரிவுகள் எல்லாம் பிறகு தொழிலாலும் நடத்தையாலும் வந்தவை என்பதே அதன் வாதம். அதை விண்கலக் கதையாக்கினால், சாதிக்கு எதிரான பகுதி முழுக்க எடிட்டில் போய்விடுகிறது.

மேரு தொலைந்த கதை

சரி, தேவர்களை வேறு கிரகத்துக்கு அனுப்ப வேண்டிய அவசியம் ஏன் வந்தது? இதற்கு ஒரு தேதி வேண்டுமென்றால் 1873 ஆகஸ்ட்டைச் சொல்லலாம். கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில், ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஒரு பட்டிமன்றம். ஒரு பக்கம் மிகெட்டுவத்தே குணானந்த தேரர், எதிரே கிறிஸ்தவப் போதகர் டேவிட் டி சில்வா. கப்பல்கள் உலகையே சுற்றி வருகின்றன, இவ்வளவு பெரிய மேரு மலை எங்கே போனது என்று டி சில்வா மடக்கினார். நியூட்டனின் கொள்கையையே மறுத்து இங்கிலாந்தில் புத்தகம் வந்திருக்கிறதே என்று குணானந்தர் திருப்பியடித்தார். கூட்டம் குணானந்தர் பக்கம். ஆனால் மேரு வரைபடத்தில் இல்லை என்ற பிரச்சினை தீரவில்லை.

அந்த விவாதத்தின் ஆங்கிலப் பதிப்பு கர்னல் ஆல்காட்டை ஈர்த்தது. 1880-ல் அவர் இலங்கைக்கு வந்தார். ‘பௌத்தம் அறிவியலோடு ஒத்துப்போகும் மதம்’ என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. அறிவியலோடு ஒத்துப்போக வேண்டுமென்றால் தேவர்களை என்ன செய்வது? சிலர் அவை மனநிலைகள் என்றார்கள். சிலர் பேசாமல் விட்டார்கள். விண்வெளி யுகம் வந்ததும், வேறு கிரகத்தில் இருக்கிறார்கள் என்பது வசதியான விலாசமாகிவிட்டது.

நீலகிரியிலிருந்தே இதற்கு நேர் எதிரான ஒரு பதில் வந்தது. ஊட்டியில் வளர்ந்து, 1891 டிசம்பரில் அங்கேயே திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1898-ல் ஆல்காட்டோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். அவர் எழுத்தில் இந்திரன் வானத்தில் இருப்பவன் அல்ல. ஐந்து புலன்களை வென்றவரே இந்திரர், அது புத்தருக்கே உரிய பெயர், ‘இந்தியா’ என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது என்றார். மொழியியலாளர்கள் இந்தச் சொல் ஆராய்ச்சியை ஏற்கமாட்டார்கள், சிந்து நதியின் பெயரைத்தான் காட்டுவார்கள். ஆனால் திசையைக் கவனியுங்கள். வானத்தில் இருந்தவர்களை மண்ணுக்கு இறக்கி மனிதராக்குகிறார் அவர். ஏலியன் கதை அவர்களை இன்னும் தொலைவுக்கு ஏற்றி அனுப்புகிறது.

ஏலியன் கதையை வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் வழிபாடாகவே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. தாய்லாந்தின் நக்கோன் சவான் மாகாணத்தில் காவ் கலா என்ற குன்று. 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஒரு குழுவினர் அங்கே கூடி, புத்தர் சிலைக்கு அருகில் தியானம் செய்து வேற்றுக்கிரகவாசிகளோடு பேசுவதாகச் சொல்லிவந்தார்கள். புளூட்டோவிலிருந்தும் செய்தி வருமாம். 2019-ல் கூட்டம் பெருகியதும், வனநில ஆக்கிரமிப்பு என்று அதிகாரிகள் வந்து நின்றார்கள்.

இலங்கையிலேயே 2012 டிசம்பரில் பொலன்னறுவைப் பக்கம் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களில் விண்வெளி உயிரின் தடயம் இருப்பதாக, கொழும்பில் பிறந்த வானியலாளர் சந்திரா விக்ரமசிங்க அறிவித்தார். அவை நன்னீர்ப் பாசிகள், கல்லே விண்கல் அல்ல என்று பிற விஞ்ஞானிகள் மறுத்தார்கள். அது வேறு சர்ச்சை. ஆனால் ரீல்காரர்கள் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டுகிறார்கள்.

புகாரில் நின்ற சக்கரவாளம்

சேரங்கோட்டு அப்பாயிகளுக்குப் பௌத்தம் என்றால் இரண்டு நினைவு வரலாம். ஒன்று வெசாக் கூடுகளும் தன்சல் சாப்பாடும் போயா லீவும். இன்னொன்று 1977-லும் 83-லும் தோட்டங்கள் வரை வந்த தீ. பௌத்தம் என்றாலே அடுத்தவர்களுடையது என்ற எண்ணம் அப்படி வந்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பாறை வட்டத்துக்கு நெருக்கமான விவரிப்புகளில் ஒன்று தமிழில்தான் இருக்கிறது. மணிமேகலையின் ஆறாவது காதையின் பெயரே ‘சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை’.

காவிரிப்பூம்பட்டினத்தில் சுடுகாட்டை ஒட்டி ஒரு கோட்டம். ஊர் அதைச் ‘சுடுகாட்டுக் கோட்டம்’ என்று மட்டுமே அறியும். சக்கரவாளக் கோட்டம் என்று அதற்கு ஏன் பேர் என்று சுதமதிக்கு மணிமேகலா தெய்வம் சொல்கிறது.

சார்ங்கலன் என்ற பையன் தனியாக அந்தச் சுடுகாட்டுப் பக்கம் போய், பேயைக் கண்டு அஞ்சி, வீட்டுக்கு ஓடிவந்து உயிரை விடுகிறான். அவன் தாய் கோதமை. கணவனுக்குப் பார்வை இல்லை. மகன் உடலைத் தூக்கிக்கொண்டு போய், ஊர்க் காவல் தெய்வமான சம்பாபதியிடம் முறையிடுகிறாள். என் உயிரை எடுத்துக்கொள், இவன் உயிரைக் கொடு, இவன் இருந்தால் கண் தெரியாத அப்பனைப் பார்த்துக்கொள்வான் என்கிறாள். உயிருக்கு உயிர் மாற்ற முடியுமென்றால் உலகத்து மன்னர்களுக்காக உயிர் கொடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்களே, அவர்கள் ஏன் செத்தார்கள் என்கிறது தெய்வம். கோதமை விடவில்லை. தேவர்கள் வரம் தருவார்கள் என்று வேதம் சொல்கிறதே, நீ தராவிட்டால் இங்கேயே உயிரை விடுவேன் என்கிறாள்.

சம்பாபதி அப்போது சக்கரவாளத்தில் இருக்கும் எல்லோரையும் அங்கே வரவழைக்கிறது. உருவமற்ற பிரம்மர்கள் நான்கு வகை, உருவமுள்ளவர்கள் பதினாறு வகை, சூரியன், சந்திரன், ஆறு வகைத் தேவர்கள் என்று அத்தனை பேரும். பேய் உலாவும் அந்தச் சுடுகாட்டில், இறந்த பிள்ளையை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் முன்னால். இவர்களில் யாராவது தருவதாகச் சொன்னால் நானும் தருகிறேன் என்கிறது தெய்வம். தரமுடியாது என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்.

அவர்களுக்கே சாவு உண்டு என்பது பௌத்தக் கணக்கு. தலையில் சூடிய பூ வாடும், உடை அழுக்காகும், அக்குளில் வியர்க்கும், மேனி மங்கும், தன் இருக்கையே பிடிக்காமல் போகும். இந்த ஐந்தும் தெரிந்தால் அந்தத் தேவருக்கு நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். 90 லட்சம் வருடம் வாழ்பவருக்கும் வியர்வை வரும்.

கோதமை மகனைச் சுடலையில் ஏற்றிவிட்டுத் தானும் இறந்துபோகிறாள். தேவர்கள் எல்லோரும் ஒன்றாக வந்து நின்ற இடம் என்பதற்காக, நடுவில் மேருவும் சுற்றி ஏழு மலைகளும் நான்கு பெருந்தீவுகளும் இரண்டாயிரம் சிறுதீவுகளும் தெரியும்படி மயன் அங்கே ஒரு சக்கரவாளத்தை அமைத்தான் என்கிறது காப்பியம். சுடுகாட்டு மதிலை ஒட்டி.